மேசை படுக்கையாகாத வண்டி

இந்தக் குளிர்காலத்தில் என் மனைவியோடு ஓடிப்போவது என்று முடிவு செய்தேன்.

நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. என் மனைவியோடுதான். நாற்பது வருஷமாகக் குடும்பம் நடத்தும் அதே நரெல்லோடுதான். மற்ற ஆண்கள் மனைவிக்குத் தெரியாமல் வேறு யாரோடோ ஓடிப்போகத் திட்டம் போடுவார்கள். நான் மச்சினிக்குத் தெரியாமல் மனைவியோடு ஓடிப்போகத் திட்டம் போட்டேன். என் தலையெழுத்து அப்படி.

மச்சினியின் பெயர் கோரல். தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, இரண்டு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று பாலரட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூரையைச் சரி செய்தாயிற்று. அந்த வீட்டை வாடகைக்கும் விட்டாயிற்று. அந்த இரண்டு வாரம் மட்டும் இன்னும் முடியவில்லை. மூன்றாவது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் வெளியே போ என்று சொல்லிவிடலாமே! அவள் நல்லவள். தேங்காய்த் துருவல் போட்டு லாமிங்டன் கேக் செய்தால் தெருவே கேட்டு வாங்கிப் போகும். வாய்தான் மூடாது. கண்ணில் படும் எழுத்தையெல்லாம் சத்தமாகப் படிப்பாள். பால் டப்பா, மருந்துச் சீட்டு, டிவியில் ஓடும் பெயர்கள், எதிரே போகிறவன் சட்டை, எதையும் விடமாட்டாள். நான் செய்தித்தாளை விரித்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து மரண அறிவிப்புகளை எனக்குப் படித்துக் காட்டுவாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. காலையில் நரெல் கண்ட கனவு கோரலுக்கு. கடையில் நடந்த வம்பு கோரலுக்கு. இடுப்பு வலி கோரலுக்கு. எனக்கு வருவது "மெர்வ், குப்பைத் தொட்டியை வெளியே வெச்சியா?" பெர்த்தில் இருக்கும் எங்கள் மகன் வேலை மாறின சேதி எனக்கே கோரல் சொல்லித்தான் தெரியும். என் மகன்! என் வீட்டில் எனக்கு மிச்சமிருந்த உறவு குப்பைத் தொட்டியோடுதான்.

ஆகவே வண்டி.

உலகத்தின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு மே மாதம்தான் குளிர் தொடக்கம்; பாலரட்டில் வெந்நீர்க் குழாய்கூட யோசித்துத்தான் ஊற்றும். ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெயிலைத் தேடி வடக்கே போய்விடுவார்கள். மறு பாதி எந்த வண்டி வாங்கலாம் என்று பேசிப் பேசியே குளிர்காலத்தை ஓட்டிவிடும். பக்கத்து வீட்டு ரஸ் இந்த இரண்டிலும் சேராதவன். அவன் வாசலில் ஒரு பெரிய கேரவன் நிற்கிறது. வாங்கிய நாளிலிருந்து நிற்கிறது. அச்சைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. வண்டிகளைப் பற்றி ஆலோசனை சொல்ல அவனை விட்டால் எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

"கேரவனே வாங்குடா," என்றான் ரஸ் வேலிக்கு மேலாக. "கார் முன்னாடி இழுக்கும். வீடு பின்னாடி வரும். போன இடத்துல வீட்டைக் கழட்டி விட்டுட்டுக் காரை எடுத்துக்கிட்டு ஊர் சுத்தலாம்."

"காருல எத்தனை சீட்டு?"

"அஞ்சு. ஏன்?"

"வேணாம்."

"அப்போ கூடார டிரெய்லர். விரிச்சா மாளிகைடா. பக்கத்துலயே துணியை இழுத்துக் கட்டினா இன்னொரு ரூம்."

"இன்னொரு ரூமா?"

"யாராச்சும் விருந்தாளி வந்தா..."

"வேணாம்."

"பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கி வீடா மாத்திக்க. முப்பது பேர்..."

"ரஸ், எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"உனக்கு என்னதான்டா வேணும்?"

"ரெண்டு பேருக்கு மேல உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாதுன்னு ஒரு வண்டி."

அந்த நேரம் எங்கள் பின்வாசலில் கோரல் உர மூட்டையில் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். "குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்" வரைக்கும் ரஸ் பொறுமையாகக் கேட்டான்.

"புரிஞ்சுபோச்சுடா," என்றான்.

நான் யார் என்று சொல்லவில்லையே. முப்பது வருஷத்துக்கு மேல் நகரசபையில் கட்டட ஆய்வாளர். 'விதி இடம் கொடுக்கவில்லை' என்று சொல்லியே பென்ஷன் வாங்கியவன். ஓர் ஆளிடம் முடியாது என்று நாமே சொன்னால் பகை. விதி முடியாது என்கிறது என்று சொன்னால் அந்த ஆளுக்குப் பகை விதியோடு. நம்மோடு சேர்ந்து டீ குடித்துவிட்டுப் போவான். இந்தச் சூட்சுமம் தெரிந்தவனுக்கு ஊரில் எதிரியே கிடையாது.

வீட்டுவண்டியிலும் ஒரு விதி இருக்கிறது. முன்பக்கம் எஞ்சின், பின்பக்கம் வீடு, எல்லாம் ஒரே உடம்பு. அது ஓடும்போது பெல்ட் உள்ள இருக்கையில்தான் ஆள் உட்காரலாம். பெல்ட் இரண்டென்றால் ஆள் இரண்டு. மூன்றாவது ஆள் ஏறினால் குற்றம். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

வண்டிக் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். "நானும் சும்மா பார்க்க வரேனே," என்று கோரலும் ஏறிக்கொண்டாள். கடைக்காரன் ஜாரட், வெயிலில் மூக்கு உரிந்த ஆள், முதல் வண்டியின் கதவைத் திறந்தான்.

"ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம் மேட். ஆனா..." என்று கண்ணைச் சிமிட்டினான். "சாப்பாட்டு மேசையை இப்படி ஒரு அமுக்கு அமுக்கினா..."

டக்கென்று மேசை இறங்கியது. மெத்தை தானாக நகர்ந்து வந்து அதன்மேல் படுத்தது.

"இன்னும் ரெண்டு பேர்!"

கோரல் கை தட்டினாள்.

இரண்டாவது வண்டியிலும் மேசை படுக்கையானது. மூன்றாவதில் மேசை படுக்கையானது போதாதென்று கூரையிலிருந்தும் ஒரு படுக்கை இறங்கி வந்தது. மேசை என்ற பொருளை இத்தனை நாள் நம்பியிருந்தேனே என்று எனக்கே வெறுத்துப்போயிற்று. கோரலும் நரெல்லும் பின்னால் குளிர்பெட்டியைத் திறந்து பார்க்கிற நேரம் ஜாரட்டை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"மேசை படுக்கையா ஆகாத வண்டி இருக்கா?"

"என்னது?"

"மெதுவாப் பேசு. மேசை மேசையாவே இருக்கணும்."

"வர்றவங்க எல்லாம் மேசை படுக்கையாகுமான்னுதான் கேப்பாங்க!" என்று ஜாரட் கடையே அதிரச் சிரித்தான். "ஆகக்கூடாதுன்னு கேக்கற முதல் ஆள் நீதான் மேட்!"

திரும்பிப் பார்த்தேன். குளிர்பெட்டிக் கதவைப் பிடித்தபடி நரெல் நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. நரெல்லின் முகத்தில் ஒன்றுமே இல்லையென்றால் நான் அந்த இடத்திலேயே சரணடைந்திருக்க வேண்டும். நாற்பது வருஷ அனுபவம் வேறு எதற்கு இருக்கிறது?

கடைசி வரிசையில் அது கிடைத்தது. முன்னால் இரண்டே இருக்கை, இரண்டே பெல்ட். பின்னால் அசையாத ஒற்றைக் கட்டில், இரண்டு பேருக்கு. மேசை, சுவரில் ஆணியடித்த ஒரு பலகை. அதில் படுக்கப் பூனைக்குக்கூட இடம் போதாது.

"நான் எங்க உட்கார்றது?" என்றாள் கோரல்.

"அடடா! ரெண்டு பெல்ட்தானா இதுல?" என்றேன். நாற்பது வருஷத்தில் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

நரெல் ஜாரட்டிடம் இரண்டே கேள்வி கேட்டாள்.

"கியர் ஆட்டோமேட்டிக்தானே?"

"ஆமா."

"கார் லைசென்ஸ் போதுமா?"

"தாராளமாப் போதும்."

"அப்போ இதையே எடுத்துக்கலாம்."

என் இடது காலில் பழைய வலி ஒன்று உண்டு. கிளட்ச்சை மிதித்தால் தெறிக்கும். அதை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகுவதற்கு இந்த நெஞ்சுக்கு வேறு நேரமா கிடைக்கவில்லை?

அன்று இரவுச் சாப்பாட்டில் ஆட்டுக்கறி சாப்ஸ். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"கோரல், எனக்கு எவ்வளவு வருத்தம்னு சொல்லி முடியாது. என்ன பண்றது, சட்டம் அப்படி."

"நான் பின்னாடி தரையில உட்கார்ந்துக்கறேனே."

"சட்டம்."

"கட்டில்ல படுத்துக்கிட்டு வரேனே."

"படுத்தாலும் சட்டம்."

"போலீஸ்காரன் பார்த்தா குனிஞ்சுக்கறேன் மெர்வ்."

கோரலின் கண் கலங்கியது. எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான். நரெல் எல்லோர் தட்டிலும் உருளைக்கிழங்கைப் போட்டபடியே சொன்னாள்:

"விடுடி கோரல். மெர்வ் சொல்றது சரிதான். ஒரு பெல்ட்டுக்கு ஒரு ஆளு. சட்டம்னா சட்டம்தான்."

நான் சொன்னதை நரெல் ஒத்துக்கொண்டாள்! நான் இன்னொரு சாப் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் தரையில் நடக்கவில்லை. இரண்டு மடக்கு நாற்காலி வாங்கினேன். இரண்டு தகரக் குவளை வாங்கினேன். வடக்கே எங்கேயாவது ஓர் ஆற்றங்கரையில் சாயங்காலம் நெருப்பை மூட்டி, அந்த இரண்டு நாற்காலியையும் போட்டு, நரெல் என்னைப் பார்த்துப் பேச வேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசட்டும். இடுப்பு வலியைப் பற்றிப் பேசட்டும். வேறு யாருக்கும் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொன்னால் போதும். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வண்டியையே வாங்கியிருக்கிறேனே, அதிலிருந்து தெரியாதா?

புறப்படும் காலை கதவைத் திறந்தேன். எங்கள் வீட்டுவண்டிக்குப் பின்னால், நடைபாதைப் புல்லின்மேல், கஸ்டர்ட் நிறத்தில் ஒரு கிழட்டு வேன். ஓட்டும் இருக்கையில் கோரல். அவள் மடியில் விக்டர். விக்டர் என்பது அவளுடைய நாய். கால் குட்டை, உடம்பு நீளம். அதற்கு என்னைக் கண்டால் ஆகாது.

"என்னது இது?"

"வேன்," என்றாள் கோரல் பெருமையாக. "என்னோடது. உள்ள ஒரு படுக்கை. மூணு பெல்ட். நான் ஒருத்திதானே. சட்டம் ஒண்ணும் சொல்லாதில்ல மெர்வ்?"

நரெல் சாப்பாட்டுப் பெட்டியை வண்டிக்குள் தள்ளினாள். "வடக்க ஆளில்லாத ரோட்டுல ஒத்தை வண்டியாப் போகக்கூடாதுன்னு நீதானே போன வாரம் பூரா படிச்சுக் காட்டினே. ரெண்டு வண்டின்னா பாதுகாப்பு. ரெண்டுலயும் ரேடியோ மாட்டியாச்சு."

"யாரு மாட்டினது?"

பக்கத்து வீட்டில் ரஸ் தன் கேரவனுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டான்.

"கிளட்ச் வண்டியாச்சே," என்றேன், பாய்ந்து. "கோரலுக்கு முழங்கால் வலி. இவ்வளவு தூரம் எப்படி..."

"பழகிடும்," என்றாள் நரெல்.

கேரவன்காரர்கள் எல்லோரும் பேசிக்கொள்வது ரேடியோவின் பதினெட்டாம் சேனலில். மைக்கின் பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் மற்றவர் பேசுவதைக் கேட்கலாம். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, எங்கள் வண்டிக்குள் கோரலின் குரல் ஏறிவிட்டது. அதற்கு பெல்ட் தேவையில்லை.

"ஆராரட், தொண்ணூறு கிலோமீட்டர். ஓவர்."

"பார்த்தேன்."

"பேசி முடிச்சா ஓவர் சொல்லணும் மெர்வ். ஓவர்."

"பார்த்தேன், ஓவர்."

"களைப்பா இருந்தா வண்டியை நிறுத்தித் தூங்கவும். ஓவர்."

"எனக்கு ஒரு களைப்பும் இல்ல."

"பலகையில போட்டிருக்கு. ஓவர்."

நரெல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மைக் அவள் கையில் இருந்தது. ஆராரட்டிலிருந்து அடிலெய்டு வரைக்கும் அவர்கள் பேசினார்கள். நான் ஓட்டினேன்.

போர்ட் அகஸ்டாவில் கேரவன் பூங்காவில் இறங்கியபோது கோரல் நொண்டினாள். சாயங்காலம் ஐந்து மணி ஆனதும், வழக்கப்படி, வந்து தங்கியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு நாற்காலியும் ஆளுக்கொரு கிளாஸுமாக வட்டம் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே நமக்கென்று ஒரு சொந்த விஷயம் கிடையாது. கோரலின் முழங்கால் வட்டத்துக்கு நடுவே ஒரு ஸ்டூலின்மேல் வைக்கப்பட்டது. எல்லோரும் பார்த்தார்கள். பண்டபர்க்கிலிருந்து வந்த ஒரு பழைய நர்சம்மா தொட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "இனிமே இந்தக் கால் கிளட்ச்சைத் தொடக்கூடாது."

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. "ஐயோ பாவம்," என்றேன். "அப்போ வேனை இங்கேயே விட்டுட்டு, கோரலை நாளைக்கு பஸ்ல ஏத்தி ஊருக்கு..."

வட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. விக்டரைச் சுட்டுவிடலாம் என்று நான் சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"எதுக்கு?" என்றாள் நரெல். "உனக்குக் கிளட்ச் ஓட்டத் தெரியுமில்ல?"

"எனக்கு இடது கால் வலி! நீ ஓட்டேன்."

"நான் கிளட்ச்சைத் தொட்டதே இல்ல. ஆட்டோமேட்டிக்தான் எனக்கு வரும். வேனை நீ ஓட்டு. வீட்டுவண்டியை நான் ஓட்டறேன். என் பக்கத்துல கோரல். ரெண்டு பெல்ட்டு, ரெண்டு ஆளு. சட்டம் சரியா இருக்கான்னு பார்த்துக்க."

வட்டத்தில் எல்லாத் தலையும் ஆடியது. சட்டம் சரியாகத்தான் இருந்தது.

"அப்போ படுக்கறது?"

"கோரல் அந்த வேன்ல எப்படிக் குனிஞ்சு ஏறுவா? அவ என்கூடப் படுத்துக்கட்டும். நம்ம வண்டியில உனக்கு வேற இடமில்லையே, மெர்வ். மேசைதான் படுக்கையா ஆகாதே."

மறுநாள் காலை அவர்கள் முன்னால், நான் பின்னால். வேனில் கோரலின் பவுடர் வாசமும் விக்டரின் சொந்த வாசமும் கலந்திருந்தன. ஒவ்வொரு கியருக்கும் இடது கால் நரம்பு தெறித்தது. பக்கத்து இருக்கையில் விக்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. முன்னே நீண்டு கிடந்த செம்மண் சமவெளியில் என் வீட்டுவண்டி ஓடிக்கொண்டிருந்தது. என் கட்டில். என் இரண்டு நாற்காலி. என் மனைவி.

கொஞ்ச தூரம் போனதும் ரேடியோவில் பிஸ்கட் உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லுகிற சத்தம். நிற்கவில்லை. பட்டன் மாட்டிக்கொண்டுவிட்டது என்று புரிந்தது. இந்தச் சாலையில் அடிக்கடி நடப்பதுதான். யாராவது மைக்மேல் உட்கார்ந்துவிடுவார்கள். பட்டன் அமுங்கியிருக்கும் வரைக்கும் அவர்கள் பேசுவது அக்கம்பக்கத்து வண்டிக்கெல்லாம் கேட்கும், மற்றவர் கத்துவது அவர்களுக்குக் கேட்காது.

"பட்டன்! பட்டனைப் பாரு!" என்று கத்தினேன். விக்டர் குரைத்தது. பயனில்லை.

"உண்மையைச் சொல்லுக்கா," என்றது கோரலின் குரல். "இதையெல்லாம் எப்ப முடிவு பண்ணினே?"

"மேசை படுக்கையா ஆகாத வண்டி இருக்கான்னு கடைக்காரன்கிட்டக் கேட்டான் பாரு. அந்த நிமிஷமே."

"அதுக்காகத்தான் ஆட்டோமேட்டிக்கா?"

"பின்னே, அவன் கால் வலிக்காகவா? அதுக்கப்புறம்தானே உன்னைக் கிளட்ச் வேனாப் பார்த்து வாங்கச் சொன்னேன்."

"முழங்கால் நிஜமாவே வலிச்சுதுக்கா. ஹார்ஷம் வரைக்கும். அதுக்கப்புறம் கொஞ்சம் சேர்த்துப் போட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நரெல் மூச்சு வாங்கச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் இந்த வண்டியையே வாங்கினேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அரைக் கிலோமீட்டர் பின்னால், ஒரு நாயோடு.

"மெர்வைப் பார்த்தா பாவமா இல்லையாக்கா?"

நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"சமையல் ரூமுக்கு ஒரு ஜன்னல் வேணும்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"ரஸ் வீட்டு வேலிப் பக்கமா?"

"அதேதான். பாத்திரம் கழுவறப்போ கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்னு கேட்டேன். டேப்பை எடுத்துக்கிட்டு வந்து அளந்தான். வேலிக்கும் சுவருக்கும் அஞ்சு சென்டிமீட்டர் குறையுது, விதி இடம் கொடுக்கலைன்னுட்டான். கட்டின பொண்டாட்டிகிட்ட! இன்னிக்கு வரைக்கும் பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் பாத்திரம் கழுவறேன்."

"தீ பரவாம இருக்கறதுக்கான விதி அது," என்று விக்டரிடம் விளக்கினேன். இப்போதும் சொல்கிறேன், அந்த விதி சரியான விதி. விக்டர் கண்ணை மூடிக்கொண்டது.

"எதையும் வேணாம்னு அவன் வாயால சொன்னதே இல்லடி. எப்பவும் விதிதான் சொல்லும். உன்னை வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு விதியைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கான் பாரு."

"நேராச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேனேக்கா." கோரலின் குரல் சின்னதாகிவிட்டது. "நான் தொந்தரவா இருக்கேனா?"

"தொந்தரவுதான். வாயை மூட மாட்டேங்கறே." நரெல் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் ஆசைதான். 'நரெல், நாம ரெண்டு பேரும் மட்டும் எங்கயாவது போலாமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே உன்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வேற எங்கயாச்சும் இருடின்னு சொல்லியிருப்பேன். கிழிஞ்ச கூடாரத்துக்குக் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன். என்கிட்டக் கேக்கல. கடைக்காரன்கிட்டக் கேட்டான்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. அழுவதா கத்துவதா என்று தெரியாமல் நான்காவது கியருக்குப் பதில் இரண்டாவதைப் போட்டேன். வேன் துள்ளியது. விக்டர் கீழே விழுந்தது.

"க்ளெண்டாம்போ, அஞ்சு கிலோமீட்டர்," என்று படித்தது ரேடியோ.

அந்த ஐந்து கிலோமீட்டரில் என் மூளை மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அது சும்மா இருக்காது. யோசித்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் என்ன வார்த்தைக்குக் காத்திருக்கிறாள் என்று வார்த்தைக்கு வார்த்தை என் கையில் இருக்கிறது. ஒன்றும் கேளாதவன் மாதிரி இறங்கிப் போய், அவளைத் தனியாகப் பார்த்து, அதை மட்டும் கேட்டால் போதும். அவள் அசந்துபோவாள். கோரலுக்கு பஸ். இரண்டு நாற்காலிக்கும் ஆள் கிடைத்துவிடும்.

பெட்ரோல் போடும் இடத்தில் கேரவன்கள் வரிசையாக நின்றன. நான் இறங்கியதும் ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரைக்கால் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"நீதான் மெர்வா?"

"ஆமா."

"அந்த ஜன்னலை வெச்சுக் குடுத்திருக்கலாம் மேட். அஞ்சு சென்டிமீட்டர்தானே."

அவரோடு விதியைப் பேச நேரமில்லை. கோரல் கடைக்குள் தின்ன ஏதோ வாங்கப் போயிருந்தாள். நரெல் வெளியே மர பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். காற்றில் அவள் நரைமுடி பறந்தது. பார்க்க நன்றாக இருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். குரலை எவ்வளவு மென்மையாக்க முடியுமோ அவ்வளவு மென்மையாக்கினேன். கையைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

"நரெல்," என்றேன். "நாம ரெண்டு பேரும் மட்டும் எங்கயாவது போலாமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கண் ஓரத்தில் ஈரம் மாதிரி ஏதோ மின்னியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். கம்பளிச் சட்டைப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து எங்கள் நடுவே பெஞ்சின்மேல் வைத்தாள். தடித்த ரப்பர் பேண்டு ஒன்று.

"மைக் பட்டனை இதைப் போட்டுத்தான் இறுக்கிக் கட்டி வெச்சேன்."

"நீயா?" என்றேன். "ரோடு பூராக் கேட்டுச்சே நரெல்! நேருல என்கிட்டயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நேருல சொன்னா நடுவுல பேசுவே."

நான் வாயைத் திறந்தேன். அவள் டீக் குவளையைக் கவிழ்த்து உதறிவிட்டு எழுந்தாள். வீட்டுவண்டியின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் சொல்லிக் குடுத்ததை என்கிட்டயே ஒப்பிக்காதே, மெர்வ். போய் நாய்க்குத் தண்ணி வை."